டேட்டாபேஸில் டைம்ஸ்டாம்ப், ஆஃப்செட், டைம் ஜோன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டேட்டாபேஸில் நேரத்தைச் சேமிப்பது (அந்த நேரப் பதிவுக்குத்தான் டைம்ஸ்டாம்ப் என்று பெயர்) பற்றி என்னிடம் வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. போஸ்ட்கிரெஸ் பயன்படுத்துபவரும் மைஎஸ்கியூஎல் பயன்படுத்துபவரும் வெவ்வேறு வார்த்தைகளில் ஒரே குழப்பத்தைத்தான் சொல்கிறார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, எளிதானதிலிருந்து சிக்கலானதுவரை அடுக்கியிருக்கிறேன். ஒரே ஒரு பதிலைத் தேடி வருபவர்களும் 1, 2, 7 மூன்றையும் முதலில் படித்துவிடுவது நல்லது. மற்றவை அவற்றின் மேல்தான் நிற்கின்றன.

1. ஆஃப்செட்டும் டைம் ஜோனும் ஒண்ணுதானே? எதுக்கு ரெண்டு பேர்?

ஆஃப்செட் ஓர் எண். யூடிசி என்னும் உலகப் பொது நேரத்திலிருந்து ஓர் ஊரின் கடிகாரம் எவ்வளவு முன்னே அல்லது பின்னே இருக்கிறது என்பதை மட்டும் அது சொல்லும்: +05:30, -04:00 என்பதுபோல. டைம் ஜோன் ஒரு விதித்தொகுப்பு. எந்தத் தேதியில் எந்த ஆஃப்செட் நடப்பில் இருந்தது, இனி எப்போது மாறும் என்பதெல்லாம் அதில் அடங்கும். அமெரிக்கா/நியூயார்க் என்பது டைம் ஜோன். அதன் ஆஃப்செட் குளிர்காலத்தில் -05:00, கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பதால் (இதுதான் கோடை நேரம்) -04:00.

டைம் ஜோனும் தேதியும் நேரமும் கையில் இருந்தால் ஆஃப்செட்டைக் கணக்கிட்டுவிடலாம் (விதிவிலக்கு 13-ல் வருகிறது). ஆஃப்செட்டை மட்டும் வைத்துக்கொண்டு டைம் ஜோனைக் கண்டுபிடிக்க முடியாது. இன்று +05:30 என்றால் அது இந்தியாவாகவும் இருக்கலாம், இலங்கையாகவும் இருக்கலாம். ஆனால் இலங்கை 1996-ல் முதலில் +06:30-க்கும் பிறகு +06:00-க்கும் மாறி, 2006 ஏப்ரலில்தான் +05:30-க்குத் திரும்பியது. 2001-ஆம் ஆண்டின் கொழும்பு நேரம் ஒன்றை +05:30 என்று வைத்து யூடிசிக்கு மாற்றினால் அரை மணி நேரம் பிசகும். எந்த மென்பொருளும் அதைப் பிழை என்று சொல்லாது.

2. போஸ்ட்கிரெஸ்ல "டைம்ஸ்டாம்ப் வித் டைம் ஜோன்" வச்சேன். +05:30 சேர்த்து அனுப்பினேன். திரும்ப எடுத்தா வேற ஆஃப்செட் வருது. நான் அனுப்பினது எங்கே போச்சு?

அது சேமிக்கப்படவே இல்லை. இந்த வகையின் பெயர்தான் பலரையும் ஏமாற்றுகிறது. நீங்கள் 2025-06-01 09:00+05:30 என்று அனுப்பினால், போஸ்ட்கிரெஸ் அந்த ஆஃப்செட்டைக் கழித்து, 2025-06-01 03:30 யூடிசி என்ற கணத்தை மட்டும் வைத்துக்கொள்கிறது. உள்ளே இருப்பது எட்டு பைட் எண், அவ்வளவுதான்: 2000-01-01-லிருந்து எத்தனை மைக்ரோ விநாடிகள் என்ற கணக்கு. ஆஃப்செட்டுக்கோ ஜோனின் பெயருக்கோ அதில் இடமில்லை.

வெளியே எடுக்கும்போது, உங்கள் செஷனின் (டேட்டாபேஸோடு நீங்கள் திறந்திருக்கும் இணைப்பின்) டைம் ஜோன் எதுவோ அதற்கு மாற்றிக் காட்டும். செஷன் யூடிசியில் இருந்தால் 03:30+00, டோக்கியோவில் இருந்தால் 12:30+09. மூன்றும் ஒரே கணம். ஆஃப்செட் தன் வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

3. அப்போ டைம் ஜோன் இல்லாத சாதா டைம்ஸ்டாம்ப்ல +05:30 போட்டு அனுப்பினா?

இதுதான் ஆபத்தானது. போஸ்ட்கிரெஸ் அந்த +05:30-ஐக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். பிழையும் வராது, எச்சரிக்கையும் வராது. 09:00+05:30, 09:00-04:00 இரண்டையும் அனுப்பினால் இரண்டு வரிசைகளிலும் வெறும் 09:00 என்றே பதிவாகும். ஒன்பதரை மணி நேர இடைவெளியில் நடந்த இரண்டு நிகழ்வுகள் ஒரே நேரத்தில் நடந்ததாகிவிடும். பதிவான பிறகு எது எந்த ஆஃப்செட்டில் வந்தது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை.

நடந்த நிகழ்வு ஒன்றைப் பதிகிறீர்கள் என்றால் போஸ்ட்கிரெஸில் எப்போதும் "வித் டைம் ஜோன்" வகையையே எடுங்கள். இடமும் இரண்டுக்கும் ஒன்றுதான், எட்டு பைட். சாதா வகைக்கு உள்ள நியாயமான பயன்பாடு 8-ஆம் கேள்வியில் வருகிறது.

4. மைஎஸ்கியூஎல்ல டைம்ஸ்டாம்ப், டேட்டைம் ரெண்டுல எது?

டைம்ஸ்டாம்ப் வகை, செஷனின் டைம் ஜோனிலிருந்து யூடிசிக்கு மாற்றிச் சேமித்து, எடுக்கும்போது மீண்டும் செஷனின் ஜோனுக்கு மாற்றித் தரும். டேட்டைம் வகை எழுதியதை அப்படியே வைத்துக்கொள்ளும், மாற்றம் ஏதும் செய்யாது. போஸ்ட்கிரெஸிலிருந்து வருபவர்களுக்கு இங்கே பெயர்க் குழப்பம் வரும். அங்கே வெறும் "டைம்ஸ்டாம்ப்" என்றால் மாற்றம் செய்யாதது, இங்கே "டைம்ஸ்டாம்ப்" என்றால் மாற்றம் செய்வது.

மைஎஸ்கியூஎல் டைம்ஸ்டாம்ப்புக்கு எல்லை உண்டு: யூடிசி கணக்கில் 2038-01-19 03:14:07 வரைதான். முப்பது ஆண்டுக் கடனின் கடைசித் தவணைத் தேதி இன்றே அதைத் தாண்டிவிடும். அதனால் பலர் டேட்டைம் வகையை எடுத்து, அதில் யூடிசி மட்டுமே எழுதுவது என்று குழுவுக்குள் விதி வைத்துக்கொள்கிறார்கள். நானும் அதையே பரிந்துரைப்பேன், ஒரு நிபந்தனையோடு: ஒவ்வொரு இணைப்பும் திறந்தவுடன் செஷனின் டைம் ஜோனை +00:00 என்று அமைக்க வேண்டும். இல்லையென்றால் "இப்போது" என்று கேட்கும் ஃபங்ஷன் சர்வரின் உள்ளூர் நேரத்தைக் கொண்டுவந்து அதே நெடுவரிசையில் கலந்துவிடும்.

8.0.19 பதிப்பிலிருந்து 2025-06-01 09:00:00+05:30 என்று ஆஃப்செட்டோடு எழுதினாலும் மைஎஸ்கியூஎல் ஏற்றுக்கொள்கிறது. அதைக் கணக்கில் எடுத்து மாற்றிக்கொள்ளுமே தவிர, ஆஃப்செட்டைச் சேமிக்காது. இன்னொன்று: ஜோன் பெயரைக் கொடுத்து மாற்றும் கன்வெர்ட் டிஇசட் ஃபங்ஷன் உங்களுக்கு நல் (மதிப்பு இல்லை) என்று பதில் சொன்னால், பெரும்பாலும் டைம் ஜோன் அட்டவணைகள் அந்தச் சர்வரில் ஏற்றப்படவில்லை என்று பொருள். குவெரியில் தப்புத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

5. அனுப்பின ஆஃப்செட்டை அப்படியே வச்சுக்கிற டேட்டாபேஸே கிடையாதா?

இருக்கிறது. எஸ்கியூஎல் சர்வரின் டேட்டைம்ஆஃப்செட் வகை, நேரத்தோடு ஆஃப்செட்டையும் சேமிக்கிறது. ஆனால் ஒப்பிடுவது யூடிசி கணக்கில். 09:00+05:30, 03:30+00:00 இரண்டும் அதன் பார்வையில் சமம், தனித்துவ இண்டெக்ஸ் (ஒரே மதிப்பு இரண்டு முறை வராமல் தடுப்பது) வைத்திருந்தால் இரண்டாவதை ஏற்காது. அதே சர்வரில் "டைம்ஸ்டாம்ப்" என்று ஒரு வகையும் உண்டு. அதற்கும் நேரத்துக்கும் சம்பந்தமே இல்லை, அது வரிசையின் மாற்றத்தைக் கண்காணிக்கும் எண்.

ஆரக்கிள் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதன் "டைம்ஸ்டாம்ப் வித் டைம் ஜோன்" ஆஃப்செட்டையோ ஜோனின் பெயரையோ, நீங்கள் எதைக் கொடுத்தீர்களோ அதைச் சேமிக்கும். "வித் லோக்கல் டைம் ஜோன்" என்ற மற்றொரு வகைதான் போஸ்ட்கிரெஸ் வகையைப்போல நடந்துகொள்கிறது. மோங்கோடிபியின் டேட் வகையில் யூடிசி மில்லி விநாடி மட்டும்.

எஸ்கியூலைட்டில் நேரத்துக்கென்று தனி வகையே இல்லை. உரையாகவோ எண்ணாகவோ வைக்க வேண்டும். உரையாக வைத்து ஆஃப்செட்டுகளையும் கலந்துவிட்டால் வரிசைப்படுத்துவது கெட்டுப்போகும். 2025-06-01 09:00:00+05:30, 2025-06-01 05:00:00+00:00 இரண்டையும் பாருங்கள். முதலாவது 03:30 யூடிசி, அதுதான் முந்தையது. உரையாக ஒப்பிட்டால் 05 என்பது 09-க்கு முன்னே வந்து நிற்கும். அங்கே ஒரே ஆஃப்செட், ஒரே வடிவம், அதுவும் யூடிசி என்று பிடிவாதமாக இருங்கள்.

6. ஒரே ரோவை நான் பார்த்தா ஒரு நேரம், கூட வேலை செய்யறவர் பார்த்தா வேற நேரம். டேட்டா கெட்டுப்போச்சா?

பெரும்பாலும் இல்லை. 2-ல் சொன்னதுபோல இருவரின் செஷன் ஜோன்கள் வேறாக இருக்கும். இருவருமே செஷனை யூடிசிக்கு மாற்றிவிட்டு அதே குவெரியை ஓட்டிப் பாருங்கள். ஒரே விடை வந்தால் கவலையில்லை. அப்போதும் வேறாக வந்தால், டேட்டாபேஸுக்கும் திரைக்கும் நடுவில் உள்ள டிரைவரோ (டேட்டாபேஸோடு பேசும் இணைப்பு மென்பொருள்) வேறு கருவியோ தன் பங்குக்கு ஒரு மாற்றம் செய்கிறது. அதைத் தேடுங்கள்.

7. எல்லாத்தையும் யூடிசில போட்டுட்டா போதும்னு சொல்றாங்களே? அதோட கதை முடிஞ்சுதா?

பாதிக் கதை முடிந்தது. நடந்துமுடிந்த நிகழ்வுகளுக்கு அது சரியான அறிவுரை. பணம் செலுத்தியது, உள்நுழைந்தது, பிழை பதிவானது எல்லாமே ஒரு குறிப்பிட்ட கணத்தில் நடந்துவிட்டன. நாளைக்கு ஒரு நாடு தன் கடிகாரத்தை எப்படி மாற்றினாலும் அந்தக் கணம் நகராது.

நடக்கப்போகும் நிகழ்வு அப்படியல்ல. "அடுத்த ஆண்டு ஜூன் 15, காலை 10 மணிக்கு, மெக்சிகோ சிட்டியில்" என்று ஒருவர் முன்பதிவு செய்கிறார். அவர் ஒப்புக்கொண்டது அந்த ஊர்க் கடிகாரத்தின் 10 மணியை. அது எந்த யூடிசி கணம் என்பது அன்று நடப்பில் இருக்கப்போகும் விதியைப் பொறுத்தது, அந்த விதியை ஓர் அரசாங்கம் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

மெக்சிகோவில் அப்படியே நடந்தது. 2022 கோடையில் ஒருவர் 2023 ஜூன் 15-க்கு முன்பதிவு செய்தார் என்று வையுங்கள். அப்போதைய விதிப்படி ஜூனில் கோடை நேரம், ஆஃப்செட் -05:00, ஆகவே மென்பொருள் 15:00 யூடிசி என்று எழுதியிருக்கும். 2022 அக்டோபர் இறுதியில் மெக்சிகோ கோடை நேரத்தைக் கைவிட்டது. நாட்டின் வடக்கு எல்லையோரத்தின் சில பகுதிகள் நீங்கலாக எங்கும் அது மறுபடி வரவில்லை. 2023 ஜூனில் மெக்சிகோ சிட்டியின் ஆஃப்செட் -06:00. சேமித்த 15:00 யூடிசி இப்போது காலை 9 மணியாகத் திரையில் வருகிறது. வந்தவர் 10 மணிக்குச் சரியாக வந்திருப்பார், மென்பொருள் அவரை ஒரு மணி நேரம் தாமதம் என்று சொல்லும். யூடிசியில் மட்டும் வைத்திருந்ததால் அவர் முதலில் சொன்ன "10 மணி" டேட்டாபேஸில் எங்குமே இல்லை.

8. சரி, வரப்போற நிகழ்வை எப்படித்தான் சேமிக்கிறது?

மனிதர் சொன்னதைச் சொன்னபடியே சேமியுங்கள். ஜோன் இல்லாத சாதா டைம்ஸ்டாம்ப்பில் உள்ளூர் நேரம், பக்கத்து நெடுவரிசையில் ஜோனின் முழுப் பெயர், உதாரணமாக அமெரிக்கா/மெக்சிகோ சிட்டி. 3-ல் சொன்ன நியாயமான பயன்பாடு இதுதான். ஜோனின் பெயருக்குப் பதிலாக ஆஃப்செட்டை வைத்தால் பயனில்லை, மாறக்கூடியதே அதுதானே.

நினைவூட்டல் அனுப்பவும் "அடுத்த ஒரு மணி நேரத்தில் என்னென்ன" என்று தேடவும் யூடிசி கணம் தேவைப்படும். அதை மூன்றாவது நெடுவரிசையாகக் கணக்கிட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மூலம் எது, அதிலிருந்து பெறப்பட்டது எது என்பதில் குழப்பம் கூடாது. ஜோன் விதிகள் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் மூன்றாவதை முதல் இரண்டிலிருந்து மறுபடி கணக்கிட வேண்டும். நிகழ்வு நடந்து முடிந்த பிறகு அந்த யூடிசி கணம் வரலாறாகிவிடும், அதைத் தொடக் கூடாது.

உலகம் முழுவதும் ஒரே கணத்தில் நடக்கும் நிகழ்வுகள் இதற்கு விலக்கு. ஒரு சான்றிதழ் காலாவதியாகும் நேரம், ஒரு டோக்கன் செல்லாமல்போகும் நேரம் எல்லாம் எதிர்காலம்தான் என்றாலும் எந்த ஊர்க் கடிகாரத்தோடும் கட்டப்படவில்லை. அவற்றுக்கு யூடிசி போதும்.

9. பிறந்த தேதி சில பேருக்கு ஒரு நாள் முன்னாடி காட்டுது. ஏன்?

பிறந்த தேதியை ஒரு கணமாக மாற்றிவிட்டதால். நள்ளிரவு 00:00 யூடிசி என்று வைத்ததை -05:00-ல் இருப்பவர் பார்த்தால் முந்தைய நாள் இரவு 7 மணி. பிறந்தநாள், விடுமுறை நாள், பில் தேதி போன்றவை நாள்காட்டியின் நாட்கள், அவற்றுக்கு நேரமும் கிடையாது, ஆஃப்செட்டும் கிடையாது. டேட் வகையில் வையுங்கள்.

டேட்டாபேஸில் சரியாக வைத்தும் பிழை வந்தால் ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் பாருங்கள். அதன் டேட் ஆப்ஜெக்ட், 2025-06-01 என்று தேதி மட்டும் கொடுத்தால் யூடிசி என்று எடுத்துக்கொள்ளும். நேரத்தையும் சேர்த்து, ஆஃப்செட் இல்லாமல் கொடுத்தால் உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும்.

10. ஆஃப்செட்டைத் தனி நெடுவரிசையா வச்சுக்கணும். மணிக்கணக்கா முழு எண் போதுமா?

போதாது, நிமிடக் கணக்கில் வையுங்கள். இந்தியா +05:30, நேபாளம் +05:45, நியூசிலாந்தின் சாத்தம் தீவுகள் +12:45. எல்லையும் 12 மணி நேரம் அல்ல, கிரிபாட்டியின் லைன் தீவுகள் +14:00-ல் இருக்கின்றன. மைஎஸ்கியூஎல் 8.0.19-க்கு முந்தைய பதிப்புகள் +13:00-க்கு மேல் ஏற்காது.

மணியையும் நிமிடத்தையும் தனித்தனி எண்களாகப் பிரித்து வைப்பவர்கள் எதிர்க்குறியில் மாட்டிக்கொள்வார்கள். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து -03:30. இதை -3, 30 என்று பிரித்துவிட்டுப் பிறகு கூட்டினால் -02:30 வரும். நிமிடத்தில் -210 என்று ஒரே எண்ணாக வைத்தால் இந்த வம்பு இல்லை. எஸ்கியூஎல் சர்வரிலும் ஆரக்கிளிலும் இந்த நெடுவரிசையே தேவையில்லை, 5-ஐப் பாருங்கள்.

11. ஜோனுக்கு "ஐஎஸ்டி"ன்னு சுருக்கமா எழுதலாமா?

வேண்டாம். ஐஎஸ்டி இந்தியாவுக்கும் உண்டு, இஸ்ரேலுக்கும் உண்டு, கோடையில் அயர்லாந்துக்கும் உண்டு. சிஎஸ்டி என்றால் சீனா, அமெரிக்காவின் மத்தியப் பகுதி, கியூபா. போஸ்ட்கிரெஸின் இயல்பான சுருக்கப் பட்டியலில் ஐஎஸ்டி என்பது இஸ்ரேல், அதாவது +02:00. இந்திய நேரம் என்று நினைத்து எழுதினால் மூன்றரை மணி நேரம் போய்விடும். 18-ஆம் பதிப்பிலிருந்து செஷன் ஜோனில் வழங்கும் சுருக்கத்துக்கு முன்னுரிமை கொடுக்கிறார்கள், அதனால் ஒரே குவெரி இரண்டு சர்வர்களில் இரண்டு விடை தரலாம். ஏஷியா/கொல்கத்தா என்ற முழுப் பெயரை எழுதுவதே நல்லது.

12. யூடிசி+5:30-னு ஜோன் கொடுத்தேன். நேரம் எதிர்ப்பக்கம் ஓடுது. இது பக் (மென்பொருள் பிழை) தானா?

பக் இல்லை, பாசிக்ஸ் (யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பொதுத் தரம்) மரபு. அந்த மரபில் கூட்டல் குறி கிரீன்விச்சுக்கு மேற்கே என்று பொருள்படும், நமக்குப் பழக்கமான ஐஎஸ்ஓ முறைக்கு நேர் எதிர். ஐயானா (இணையப் பெயர்களையும் எண்களையும் நிர்வகிக்கும் அமைப்பு) வெளியிடும் டைம் ஜோன் பட்டியலில் உள்ள இடிசி/ஜிஎம்டி+5 என்ற பெயரும் அதே வழியில் -05:00-ஐத்தான் குறிக்கிறது.

போஸ்ட்கிரெஸில் இது இன்னும் நுட்பமாகக் கடிக்கும். டைம்ஸ்டாம்ப் மதிப்புக்குள் +05:30 என்று எழுதினால் கிழக்கு. "அட் டைம் ஜோன்" என்பதற்குப் பின் அதே +05:30-ஐ உரையாகக் கொடுத்தால் பாசிக்ஸாக எடுத்துக்கொண்டு மேற்கே போய்விடும். அந்த இடத்தில் முழுப் பெயரைக் கொடுங்கள், அல்லது இன்டர்வல் வகையாகக் கொடுங்கள்.

13. கடிகாரத்தை மாத்துற ராத்திரில உள்ளூர் நேரம் மட்டும் வந்தா எந்தக் கணம்னு எப்படித் தெரியும்?

சில நேரம் தெரியவே தெரியாது. நியூயார்க்கில் 2025 நவம்பர் 2 அன்று 01:30 இரண்டு முறை வந்தது. முதலில் -04:00-ல், ஒரு மணி நேரம் கழித்து -05:00-ல். ஜோனின் பெயரும் உள்ளூர் நேரமும் இருந்தாலும் எந்த 01:30 என்று சொல்ல முடியாது. 1-ல் சொன்ன விதிவிலக்கு இதுதான். ஆஃப்செட் கூடவே வந்திருந்தால் மட்டுமே தெளிவு கிடைக்கும்.

எதிர்ப்பக்கத்தில், 2025 மார்ச் 9 அன்று அதே ஊரில் 02:30 என்ற நேரமே இல்லை. கடிகாரம் 02:00-லிருந்து நேராக 03:00-க்குப் போய்விட்டது. போஸ்ட்கிரெஸ் இரண்டு சூழலிலும் இயல்பு நேரத்தின் (கோடை நேரம் அல்லாததன்) ஆஃப்செட்டை எடுத்துக்கொள்கிறது. இரண்டு முறை வரும் 01:30-க்கு -05:00. இல்லாத 02:30-க்கும் -05:00-ஐ வைத்து, 03:30-04 என்று காட்டுகிறது. பிழை என்று நிறுத்தாது. உங்கள் பயன்பாட்டில் இந்த ஒரு மணி நேரம் முக்கியம் என்றால் (ஷிஃப்ட் கணக்கு, மருந்து கொடுத்த நேரம்) உள்ளூர் நேரத்தை மட்டும் வாங்கும் வழியையே மூடிவிடுங்கள்.

14. ஒரு நாள் கூட்டறதும் 24 மணி நேரம் கூட்டறதும் ஒண்ணுதானே?

கடிகாரம் மாறாத ஜோனில் ஒன்றுதான். நியூயார்க் செஷனில் 2025-03-08 12:00-க்கு ஒரு நாள் கூட்டினால் போஸ்ட்கிரெஸ் 2025-03-09 12:00 தரும், 24 மணி நேரம் கூட்டினால் 13:00 தரும். "நாளைக்கு இதே நேரம்" வேண்டுமா, "இன்னும் 24 மணி நேரம் கழித்து" வேண்டுமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். சந்தா முடியும் நாள் முதல் வகை. கேஷ் (தற்காலிகச் சேமிப்பு) காலாவதி இரண்டாம் வகை. ஒவ்வொரு நாளும் நிச்சயமாக உண்டு என்றுகூட நம்ப முடியாது: சமோவா தேதிக்கோட்டின் மறுபக்கம் மாறியபோது அங்கே 2011 டிசம்பர் 30 என்ற நாளே வரவில்லை.

15. டேட்டா சரியாத்தான் இருக்கு. ஆனா நாள்வாரி ரிப்போர்ட் கூட்டல் இடிக்குது. எங்கே தேடறது?

எந்த ஜோனின் நாளாகப் பிரிக்கிறீர்கள் என்பதில். +05:30-ல் ஜூன் 1 அதிகாலை 02:15-க்கு நடந்த விற்பனை, யூடிசியில் மே 31 இரவு 20:45. யூடிசியிலேயே தேதியை வெட்டி எடுத்தால் அது மே மாதக் கணக்கில் போய் உட்காரும். மாதக் கடைசியில் கணக்குப் பிரிவும் மென்பொருள் பிரிவும் வேறு வேறு எண்களைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது பெரும்பாலும் இதனால்தான்.

முதலில் உள்ளூர் நேரத்துக்கு மாற்றுங்கள், பிறகு நாளாக வெட்டுங்கள். போஸ்ட்கிரெஸ் 12-லிருந்து டேட் டிரங்க் ஃபங்ஷனுக்கு மூன்றாவது மதிப்பாக ஜோனின் பெயரைக் கொடுக்கலாம். செஷன் ஜோனை நம்பிப் பிரிக்காதீர்கள், நாளை வேறொரு கருவி வேறொரு செஷனோடு அதே குவெரியை ஓட்டும்.

ஒரே ஒரு நாளை வடிகட்டும்போது, நெடுவரிசையின் மேல் ஃபங்ஷன் போட்டால் அதன் சாதாரண இண்டெக்ஸ் பயன்படாமல் போகும். எல்லைகளை மாற்றிக் கொடுங்கள்: +05:30-ல் ஜூன் 1 என்றால், 2025-05-31 18:30 யூடிசிக்குச் சமமாகவோ அதற்குப் பின்னரோ, 2025-06-01 18:30 யூடிசிக்கு முன்னர். தொடக்கம் சேர்ந்தது, முடிவு சேராதது. 23:59:59 வரை என்று பிட்வீன் போட்டால் கடைசி விநாடியின் பின்னத்தில் விழுந்த பதிவுகள் எந்த நாளிலும் சேராமல் போகும்.

அப்படியும் தேதியின் மேலேயே இண்டெக்ஸ் வேண்டும் என்று நேராகப் போட்டால், ஃபங்ஷன் இம்மியூட்டபிள் ஆக (ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடை தருவதாக) இருக்க வேண்டும் என்று போஸ்ட்கிரெஸ் மறுத்துவிடும். விடை செஷனைப் பொறுத்து மாறும் என்பதே காரணம். ஜோனின் பெயரை வெளிப்படையாக எழுதினால் ஏற்கும். ஆனால் அந்த ஜோனின் விதி பிற்காலத்தில் திருத்தப்பட்டால் இண்டெக்ஸை மறுபடி கட்ட வேண்டியிருக்கும்.

16. வெப் முகவரில (யூஆர்எல்) நேரத்தை அனுப்பினா சர்வர் "தப்பான வடிவம்"னு திருப்பி அனுப்புது. அதே மதிப்பு மத்த இடத்துல வேலை செய்யுது.

முகவரியின் கேள்விக்குறிக்குப் பிறகு வரும் பகுதியில் கூட்டல் குறியை இடைவெளி என்று பல சர்வர்கள் படிக்கும். 09:00:00+05:30 என்பது 09:00:00 05:30 ஆகிவிடும். கூட்டல் குறியைச் சதவீதக் குறியோடு குறியாக்கம் செய்து அனுப்புங்கள், அல்லது யூடிசியாக்கி, யூடிசியைக் குறிக்கும் இசட் எழுத்தைப் போட்டு அனுப்புங்கள். -04:00-ல் இருப்பவர்களுக்கு இது நேர்வதில்லை, அதனால் அங்கே சோதித்தவருக்கு இந்தப் பிழை கண்ணில் படாது.

17. இசட், +00:00, -00:00 மூணும் ஒண்ணா?

கணம் ஒன்றே. 2002-ல் வந்த ஆர்எஃப்சி 3339 (இணையத்தில் தேதி, நேரம் எழுதும் முறைக்கான தரம்), -00:00 என்பதற்குத் தனிப் பொருள் கொடுக்கிறது: யூடிசி நேரம் தெரியும், அந்த இடத்தின் உள்ளூர் ஆஃப்செட் தெரியாது. ஐஎஸ்ஓ 8601 அந்த வடிவத்தையே அனுமதிப்பதில்லை. டேட்டாபேஸுக்குள் போனதும் இந்த வேறுபாடு அழிந்துவிடும், ஆகவே எழுதும்போது இசட் அல்லது +00:00 போதும்.

18. ஜோன் இல்லாத நெடுவரிசைல வருஷக்கணக்கா டேட்டா இருக்கு. இப்போ "வித் டைம் ஜோன்" ஆக்கணும். எப்படி?

போஸ்ட்கிரெஸை வைத்துச் சொல்கிறேன். வகையை மட்டும் மாற்றச் சொன்னால், உங்கள் செஷன் எந்த ஜோனில் இருக்கிறதோ அந்த ஊர் நேரமாக எல்லா மதிப்புகளையும் எடுத்துக்கொள்ளும். அதை நம்பாமல், வகையை மாற்றும் கட்டளையின் யூஸிங் பகுதியில் "அட் டைம் ஜோன்" போட்டு, பழைய மதிப்புகள் எந்த ஜோனில் எழுதப்பட்டன என்று நீங்களே சொல்லுங்கள். அந்தச் சொற்றொடர் இரு திசையிலும் வேலை செய்யும் என்பதை நினைவில் வையுங்கள். ஜோன் இல்லாத மதிப்பின் மேல் போட்டால் "இது அந்த ஊர் நேரம்" என்று பொருள், விடை ஜோன் உள்ள வகை. ஜோன் உள்ள மதிப்பின் மேல் போட்டால் "அந்த ஊர்க் கடிகாரத்தில் காட்டு" என்று பொருள், விடை ஜோன் இல்லாத வகை. தப்பான திசையில் ஒருமுறை ஓட்டிவிட்டால் எல்லா வரிசைகளும் நகர்ந்துவிடும்.

பழைய மதிப்புகள் எல்லாம் யூடிசியாக இருந்தால் அதிர்ஷ்டம்தான். 12-ஆம் பதிப்பிலிருந்து, செஷனை யூடிசியில் வைத்துவிட்டு வகையை மாற்றினால் அட்டவணை முழுவதையும் திரும்ப எழுதாமலே மாற்றம் முடிந்துவிடும்.

கடினமானது கலப்படம். ஏதோ ஒரு நாளில் சர்வரின் ஜோனை யாரோ உள்ளூரிலிருந்து யூடிசிக்கு மாற்றியிருப்பார்கள். அந்தப் புள்ளியைக் கண்டுபிடிக்க, தானாக ஏறும் வரிசை எண்ணின்படி அடுக்கி, அடுத்தடுத்த நேரங்களின் இடைவெளியைப் பாருங்கள். எண் ஏறிக்கொண்டிருக்க, நேரம் திடீரென்று ஐந்தரை மணி நேரத்தையொட்டிப் பின்னால் குதித்தால் அதுதான் இடம். அந்த எண்ணுக்கு முன் ஒரு ஜோன், பின் ஒரு ஜோன் என்று கேஸ் என்ற நிபந்தனைக் கூற்றைப் போட்டு மாற்றுங்கள். மாற்றும் முன் பழைய நெடுவரிசையை நகலெடுத்து, சில மாதங்களாவது வைத்திருங்கள். 3-ல் சொன்ன வகையில் ஆஃப்செட் தொலைந்த மதிப்புகளை மட்டும் எந்தக் குவெரியாலும் மீட்க முடியாது. வேறொரு பதிவேட்டில் அதே நிகழ்வு இருந்தால்தான் உண்டு.

19. 1850-ஆம் வருஷத் தேதிக்கு +05:53:28-னு ஆஃப்செட் வருது. விநாடியெல்லாம் எப்படி?

ஏஷியா/கொல்கத்தா ஜோனில் அந்தக் காலத்துக்கு உள்ளது கல்கத்தாவின் சூரிய நேரம். பொது நேரம் என்ற ஏற்பாடு வருவதற்கு முன் ஒவ்வொரு ஊரும் தன் தீர்க்கரேகைப்படி கடிகாரம் வைத்தது. டேட்டாபேஸ் சரியாகவே சொல்கிறது. ஆனால் ஆஃப்செட்டில் மணியும் நிமிடமும் மட்டும் எதிர்பார்க்கும் நிரல்கள் இந்த மதிப்பில் தடுக்கி விழும். வரலாற்றுத் தேதிகள் பெரும்பாலும் நாள்களே என்பதால் 9-ல் சொன்ன டேட் வகை இங்கும் பொருந்தும்.

20. ஜோன் விதிகளை அப்டேட் பண்ணணும்னா டேட்டாபேஸ்ல மட்டும் பண்ணினா போதுமா? அப்டேட் ஆயிருச்சான்னு எப்படிப் பார்க்கிறது?

போதாது. ஐயானா வெளியிடும் டைம் ஜோன் தரவின் நகல்கள் பல இடங்களில் தனித்தனியாக இருக்கும். இயங்குதளத்தில் ஒன்று, டேட்டாபேஸில் ஒன்று, ஜாவா தன்னோடு சுமந்துவரும் ஒன்று, பயனரின் பிரவுசரில் ஒன்று. மைஎஸ்கியூஎல்லில் 4-ல் சொன்ன அட்டவணைகளைத் திரும்ப ஏற்ற வேண்டும். இவற்றில் ஒன்று பழையதாக இருந்தாலும் டேட்டாபேஸ் ஒரு நேரமும் திரை இன்னொரு நேரமும் சொல்லும். புதுப்பித்த பிறகு 8-ல் சொன்ன மறுகணக்கீட்டை ஓட்டுங்கள். நடந்துமுடிந்த யூடிசி பதிவுகளுக்கு எந்த வேலையும் இல்லை.

பார்ப்பதற்கு எளிய வழி, அண்மையில் விதி மாறிய ஊர் ஒன்றைக் கேட்பது. 2023-06-15 15:00 யூடிசியை மெக்சிகோ சிட்டி நேரமாக மாற்றச் சொல்லி ஒவ்வோர் அடுக்கிலும் கேளுங்கள். 09:00 என்று சொல்வதிடம் 2022 இறுதிக்குப் பிந்தைய தரவு இருக்கிறது. 10:00 என்று சொல்வது எதுவோ, அதை முதலில் புதுப்பியுங்கள்.